இரண்டு சுருக்கு

சும்மா கிடைப்பது எல்லாமே இரைதான் என்பது மெர்ல் ஹஸ்கெலின் கட்சி. அறுபது வருஷம் சிங்கி இறால் பிடித்த மனுஷர் வேறு எப்படி நினைப்பார்? கூண்டுக்குள் உப்புப் போட்ட மீனைத் தொங்கவிட்டுக் கடலில் இறக்கினால், யாரோ புண்ணியவான் விருந்து வைத்திருக்கிறான் என்றுதான் சிங்கி நினைக்கும். உள்ளே போகும் வழி அகலம். வெளியே வரும் வழி கிடையாது.

அதனால், அவர் மனைவி வெஸ்டா டயாலிசிஸ் அறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியபோது, மெர்லுக்கு மூக்கில் ஏறியது இரைமீன் நாற்றம்தான். தாளில் மூன்றே மூன்று இலக்கம் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே இருந்ததை வெஸ்டா வாசித்துக் காட்டினாள். சாப்பாடு, விறகு, மருந்து, வண்டி, எது வேண்டுமானாலும் இந்த எண்ணைக் கூப்பிடலாம்; இலவசம்; ரகசியம்.

"இலவசமாம். ரகசியமாம். ரெண்டையும் ஒரே தாள்ல போட்டிருக்கான் பாரு," என்றார் மெர்ல். "போன் பண்ணினா நாளைக்கே கோட்டு போட்டவன் ஒருத்தன் வந்து அடுப்படியில நிப்பான். லைசென்ஸை எடு, வீட்டுப் பத்திரத்தை எடு, கிழவியைக் கொண்டுபோய் ஹோம்ல போடுன்னுவான்."

"கெழவியை எவன் கேட்டான், உன்னை இல்ல கொண்டுபோவாங்க," என்றாள் வெஸ்டா.

தாள் அங்கேயே இருந்தது. மெர்லுக்கு அந்தத் தாளின் ஓரங்கள் மட்டும் தெரிந்தன.

இரண்டு வருஷமாகவே அவருக்கு அப்படித்தான். ஓரம் தெரியும், நடு தெரியாது. ஒரு ஆளைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும். மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி. நிறமெல்லாம் வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டது. கண் டாக்டர் இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றார். மெர்ல் அந்த டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார். வண்டியை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது? வெஸ்டாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஐம்பது மைல் தள்ளி நகரத்துக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். மகன் அலாஸ்காவில். அவர்கள் இருக்கும் ஸ்டப்ஸ் கோவ் ஊருக்குப் பஸ் கிடையாது.

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மெர்ல் ஓட்டுவார், வெஸ்டா பக்கத்தில் உட்கார்ந்து படகுக்குத் திசை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வருவாள். "கொஞ்சம் இடது. இன்னும். நேரா பிடி. முன்னாடி லாரி, மெதுவா." இரண்டு வருஷமாக ஒரு கீறல் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது வெஸ்டா அசந்து தூங்கிவிட்டாள். மெஷினிலிருந்து இறங்கினால் அவளுக்கு எப்போதுமே துவண்டு வரும். எழுப்ப மெர்லுக்கு மனசு வரவில்லை. தெரிந்த ரோடுதானே என்று ஓட்டினார். பள்ளிக்கூட பஸ் ஒன்று பிள்ளைகளை இறக்கிவிட விளக்கு மினுங்க நின்றிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வலது ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்று துள்ளிப் பின்னால் போனது மட்டும் தெரிந்தது. பஸ்காரன் ஆரனை அமுக்கின அமுக்கில் வெஸ்டா விழித்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மழைக்கோட்டுப் போட்ட ஒரு குட்டிப்பெண். வண்டிக்கும் அவளுக்கும் ஒரு சாண்.

வீடு வருகிறவரை வெஸ்டா இடது, வலது தவிர வேறு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை காலை மெர்ல் டிரக்கைக் கிளப்பிச் சூடாக்கிவிட்டு உள்ளே வந்தால், அவள் அடுப்படி நாற்காலியில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பு. மணியாச்சு."

"நான் வரல."

"வரலைன்னா? தண்ணி ஏறிச் சாவியா?"

"சாவுறேன். என் சாவு என்னோட போகும். எவ பெத்த புள்ளையோ, அதையும் சேத்து அடிச்சுட்டுப் போக என்னால ஆகாது."

"அடிக்கலையே."

"ஒரு சாண் மெர்ல். நீ பாக்கல. நான் பாத்தேன்." அவள் குளிர்ப்பெட்டிப் பக்கம் கையை நீட்டினாள். "அந்த நம்பருக்குப் போன் போடு. வேற வண்டி வந்தா ஏறுறேன். உன் வண்டில இனிமே இல்ல."

"அவங்க முதல்ல கேக்குறதே உன் புருஷன் ஏன் ஓட்டலைன்னுதான்."

"சொல்லு, கண்ணு போச்சுன்னு."

மெர்ல் வெளியே போய் டிரக்கை அணைத்தார். கொட்டகைப் பக்கம் போய் நின்றார். நவம்பர் காற்று. படகைச் செப்டம்பர் கடைசியிலேயே கரையேற்றியாகிவிட்டது. இரைமீன் விலை கட்டுப்படியாகவில்லை என்று துறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். கண்ணு போச்சு என்று ஒரு ஆளிடம் ஒரு தடவை சொன்னால் போதும், கார் லைசென்ஸ், மீன் லைசென்ஸ், அதற்குப் பிறகு கடலில் அவர் இடம் எல்லாம் போகும். இடம் போனால் அதில் யார் வந்து உட்காருவான் என்பதும் அவருக்குத் தெரியும். தர்லோ ஆலி.

ஸ்டப்ஸ் கோவ் ஊரில் சண்டையை வாயால் போடுவதில்லை. ஒருத்தன் கூண்டு உன் இடத்தில் வந்து கிடந்தால், கூண்டுக் கயிற்றின் மேல்நுனியில் மிதக்கும் அவன் மிதவையின் காம்பில் அந்தக் கயிற்றையே சுற்றி இரண்டு சுருக்குப் போட்டுவிட்டு வருவாய். பார்த்துவிட்டேன், எடுத்துக்கொண்டு போய்விடு என்று அர்த்தம். எடுக்கவில்லையா, அடுத்த முறை கயிற்றில் கத்தி. மிதவை போய்விட்டால் கூண்டு கடலுக்கடியில் போனது போனதுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் மெர்ல் தர்லோவின் மிதவையில் இரண்டு சுருக்குப் போட்டார். ஒரு வாரம் கழித்து மெர்லின் அறுபது கூண்டு காணாமல் போனது. சாட்சி கிடையாது. மெர்லுக்குச் சாட்சி தேவையும் இல்லை. அன்றிலிருந்து பேச்சு அறுந்தது. ஒரே மண்ரோட்டில் நடுவில் இவர் வீடு, கடைசியில் கடலோரம் அவன் வீடு. தர்லோவின் மனைவி இர்மா செத்தபோது வெஸ்டா போய்வந்தாள். மெர்ல் போகவில்லை.

இந்த ஆகஸ்டில் அது மறுபடி ஆரம்பித்தது. கொக்கிக் கம்பால் மிதவையை இழுத்துக் கையில் பிடித்தால், காம்பில் இரண்டு சுருக்கு. கிழவனுக்குக் கண் போனது தெரிந்து இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் படுபாவி என்று மெர்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுருக்கை அவிழ்த்தார், கூண்டை இழுத்தார், சிங்கியை எடுத்துக்கொண்டார், திரும்ப இறக்கினார். அடுத்த வாரம் மறுபடி சுருக்கு. பத்துத் தடவைக்கு மேல் அவிழ்த்திருப்பார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு மிதவையைச் சுருக்கோடு அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் ஆணியில் மாட்டினார். மீன்வளத்துறை ஆள் வந்தால் காட்டச் சாட்சி.

அந்த மிதவை மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றபோதுதான் மெர்லுக்கு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றே அவர் நினைத்தார்.

மத்தியானம் எல்லாப் படகும் கடலில் இருக்கிற நேரத்தில் துறைக்கு நடந்து போனார். இரைக் கொட்டகையில் ஒரு போன் உண்டு. பொத்தான்களைத் தடவி மூன்று இலக்கத்தை அமுக்கினார்.

"வணக்கம், நான் டெஸ் பேசுறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும் சார்?"

குரல் சின்னப் பெண் குரல். இனிப்பாக இருந்தது. இரை இனிப்பாகத்தான் இருக்கும்.

"நீ எங்கேர்ந்து பேசுற?"

"நாங்க மாநிலம் முழுக்கப் பாக்குறோம் சார்."

"அப்ப கவர்மென்ட்டு."

"நாங்க வழி சொல்றவங்க சார். எந்த ஊருல என்ன உதவி இருக்கோ அதோட உங்களைச் சேத்துவிடுவோம். பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"பேர் வேண்டாம்னு எவனாவது சொன்னா, அவனுக்கு ஏற்கெனவே பேர் தெரியும்னு அர்த்தம்."

அந்தப் பெண் சிரித்தாள். "சத்தியமா தெரியாது சார். விஷயத்தைச் சொல்லுங்க."

மெர்ல் சொன்னார். மனைவி, டயாலிசிஸ், ஐம்பது மைல், இன்றைக்குப் போகவில்லை.

"இன்னைக்கு விட்டாச்சா?" குரலில் இருந்த இனிப்புப் போய்விட்டது. "மூச்சு வாங்குதா அவங்களுக்கு? கால் வீங்கியிருக்கா? ராத்திரி படுக்க முடியலைன்னா காத்திருக்காதீங்க, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. மெஷின் ரூமுக்கும் போன் பண்ணி நாளைக்கு இடம் இருக்கான்னு கேளுங்க."

"நாளைக்கு வண்டி தருவியா?"

"சனிக்கிழமைக்குத் தர முடியும்னு நெனக்கிறேன். உங்க பக்கத்துல தொண்டுக்கு ஓட்டுறவங்க ஒரு சிலர் இருக்காங்க. இதுக்குப் பேரும் விலாசமும் வேணும் சார், வண்டி வரணுமில்ல."

மெர்ல் எதிர்பார்த்தது இதைத்தான்.

"எழுதிக்கோ. தர்லோ ஆலி. ஷோர் ரோடு. கடைசி வீடு."

"போன் நம்பர்?"

"எங்கிட்ட போன் இல்ல."

"இப்பப் பேசிட்டிருக்கீங்களே சார்."

"இது இன்னொருத்தன் போன். சனிக்கிழமை பத்து மணி. வண்டியை அனுப்பு, அது போதும்."

திரும்பி நடக்கும்போது மெர்லுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. கடைசி வீட்டுக்குப் போகிற வண்டி அவர் தபால் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொள்வது. ஏட்டில் ஏறுவது தர்லோவின் பேர். கோட்டு போட்டவன் வந்தால் தர்லோ வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

வெள்ளிக்கிழமை நகரத்தில் இடம் இல்லை என்றார்கள். அன்று ராத்திரி வெஸ்டா படுக்கவில்லை, நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை அவள் கணுக்காலை மெர்ல் விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது, எழும்பவே இல்லை. அப்படியும் அவள் பழக்கம் விடாமல் அவருக்காகப் பீன்ஸ் பானையை அடுப்பில் ஏற்றி வைத்திருந்தாள்.

ஒன்பதரைக்கே அடுப்படி நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். போர்வையைச் சுற்றி வெஸ்டாவை உட்கார வைத்தார்.

"வாசலுக்கு வராதா வண்டி? ஏன் ரோட்டுல உக்கார வச்சிருக்க?"

"டிரைவருக்கு வழி தெரியாது."

"விலாசம் கொடுத்த இல்ல?"

"கொடுத்தேன்."

வெஸ்டா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஐம்பத்து மூன்று வருஷம் கூட இருந்தவள். மெர்லுக்கு அந்தப் பார்வை தெரியவில்லை, சுட்டது மட்டும் தெரிந்தது.

மூடுபனியில் ஊர்ப்பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றார். பத்தாயிற்று. பத்து ஐந்து. வெஸ்டாவின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. அப்போது வண்டிச் சத்தம் முதுகுப் பக்கமிருந்து, கடல் பக்கமிருந்து வந்தது. டிரக் ஒன்று ஊர்ந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. குரலைக் கேட்டு இருபத்தாறு வருஷமானாலும் மெர்லுக்கு அடையாளம் தெரிந்தது.

"நேத்து, நான் தொண்டுக்கு வண்டி ஓட்டுற ஆபீஸ்லேர்ந்து போன்," என்றான் தர்லோ ஆலி. "ஷோர் ரோடு, கடைசி வீடு, தர்லோ ஆலியோட பொண்டாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். நீங்கதானே பக்கம், போறீங்களான்னு, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கேன்னு கூடப் பாக்காம எங்கிட்டயே கேக்குறா அந்தப் பொண்ணு."

மெர்ல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டி செத்து ஒன்பது வருஷம் ஆச்சேம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். இந்தக் கரைல டயாலிசிஸுக்குப் போற பொம்பளை ஒருத்திதான். சரி, என் பொண்டாட்டிதான், வரேன்னேன்."

வெஸ்டா மெதுவாகத் திரும்பினாள். "மெர்ல். என்ன பேர் கொடுத்த?"

"என் பேருதான்," என்றான் தர்லோ. "வேற எவன் பேரு கெடைக்கும் இவனுக்கு?"

வெஸ்டா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சை அடைத்தது. தர்லோ இறங்கி வந்து ஒரு கையைக் கொடுத்தான். அவள் மெர்லைக் கேட்கவே இல்லை. போர்வையோடு எழுந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"இரு," என்றார் மெர்ல். "உனக்கு இதுல என்ன?"

"பெட்ரோல் போடுவாங்க."

"பெட்ரோலுக்காகவா என் பொண்டாட்டியை ஏத்துற?"

"காசுபணத்தை விடு. நீ வரியா, ரோட்டுலயே நிக்கப் போறியா? அவ உதடு நீலமாயிட்டு இருக்கு. உனக்குத் தெரியாது, நான் சொல்றேன்."

மெர்ல் பின்சீட்டில் ஏறினார். ஏறியதும் மோப்பம் பிடித்தார். சாராய வாடை இல்லை. காப்பியும் நாய் முடியும்தான்.

பத்து மைல் போயிற்று. தர்லோ நிதானமாக ஓட்டினான். மெர்லுக்கு அந்த நிதானமே பிடிக்கவில்லை. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"கண்ணு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆகஸ்ட்லேர்ந்து என் கூண்டை இழுத்துட்டிருக்கியே."

"யார் கூண்டை? வாயை அளந்து பேசு."

"உன்னோடது ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை. என்னோடது ஆரஞ்சுல மஞ்சப் பட்டை. உனக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு. என் படகுல நின்னு பாத்துட்டே இருந்தேன். நல்ல சிங்கியா பொறுக்கி எடுத்துட்டுப் போன."

"என் மிதவைல ரெண்டு சுருக்குப் போட்டுப் பயமுறுத்தின நாயி நீ, எனக்கே கதை சொல்றியா?"

"உன் மிதவைல நான் கை வைக்கல. என் மிதவைலதான் போட்டேன்." தர்லோ வேகத்தைக் குறைத்துக்கொண்டான். "கண்ணு இல்லாதவனுக்குக் கை இருக்குமே, தொட்டாத் தெரியட்டும், நம்மளோடது இல்லன்னு விட்டுடுவான்னு போட்டேன். நீ என்னடான்னா அவுத்து அவுத்து விடுற. நான் போட, நீ அவுக்க, கோடை பூராவும் இதே வேலை."

"வாயால சொல்றதுக்கென்ன?"

"நீ எங்கூடப் பேசுறதில்லையே."

வெஸ்டாவின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று மெர்லுக்குத் தெரியவில்லை.

"மீன்வளத்துறைக்கு ஏன் போகல?" என்றார்.

"போயிருந்தா உன் லைசென்ஸ் அன்னைக்கே போயிருக்கும்."

"அதான் கேக்குறேன். ஏன் போகல?"

தர்லோ ஓட்டிக்கொண்டே போனான். ஒரு பாலம் கடந்தது. "அந்தக் காலத்துல உன் கூண்டு போச்சே, அறுபது. அது அறுபத்திரண்டு. நான்தான் அறுத்தேன். உனக்கு எண்ணவும் வராது."

இருபத்தாறு வருஷமாக மெர்ல் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. வந்தபோது கையில் பிடிக்க எதுவும் இல்லாமல் இருந்தது. அதிலேயும் அவருக்கு ஒரு சந்தேகம். ஒரு உண்மையைச் சொல்லி ஒன்பது பொய்யை விற்கிறவன் உண்டு.

நகரத்தில் வெஸ்டாவின் உடம்பிலிருந்து நாலு கிலோ தண்ணீரை எடுத்தார்கள். இன்னொரு நாள் விட்டிருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம் என்று நர்ஸ் மெர்லை நிற்க வைத்துத் திட்டினாள். காத்திருந்த நாலு மணி நேரமும் மெர்லும் தர்லோவும் நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தர்லோ ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கரும்புப்பாகு போட்ட டோனட் ஒன்றை நீட்டினான். மெர்ல் அதை முகர்ந்து பார்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

இருட்டுவதற்குள் வீடு வந்தார்கள். வெஸ்டா இரண்டு நாளைக்குப் பிறகு கட்டிலில் கால் நீட்டிப் படுத்தாள். மெர்ல் நேரே கொட்டகைக்குப் போனார். ஆணியிலிருந்த மிதவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லைசென்ஸ் எண்ணை மிதவையில் சூடு போட்டுப் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். தன் மிதவையில் தன் எண்ணை எவன் தடவிப் பார்ப்பான்? மெர்ல் கட்டைவிரலை வைத்தார். அவருடைய எண் ஒன்று, ஒன்று, நாலு, ஏழு. எல்லாம் கோடு, வளையமே கிடையாது. கட்டைவிரல் ஒரு வளையத்துக்குள் இறங்கியது. ஏறி, அதன் மேலேயே இன்னொரு வளையத்துக்குள் இறங்கியது. எட்டு.

இன்னொரு தடவை தடவினார். மூன்றாம் தடவையும் தடவினார். எட்டு, எட்டாகவே இருந்தது.

பையில் கை விட்டு டோனட்டை எடுத்தார். மிதவையை மடியில் வைத்துக்கொண்டே கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றார். பிறகு வீட்டுக்குள் போய்ச் சொந்தப் போனை எடுத்து மூன்று இலக்கத்தை அமுக்கினார். வந்தது வேறு குரல், ஒரு ஆம்பிளை.

"டெஸ்ஸைக் கூப்பிடு."

"அவங்க ஷிப்ட் முடிஞ்சு போயிட்டாங்க சார். நான் உதவி பண்றேன்."

"வியாழக்கிழமை ஒரு பேர் கொடுத்தேன். தப்பான பேர். திருத்தி எழுது. மெர்ல் ஹஸ்கெல். செவ்வாய், வியாழன், சனி, வாராவாரம்."

"எழுதிட்டேன் சார். ஓட்டுறவர் ஒத்துக்கிறாரான்னு கேட்டு இந்த நம்பருக்கே சொல்றேன். வேற ஏதாவது தேவை இருக்கா?"

மெர்ல் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினார். படுக்கையறையில் வெஸ்டா குறட்டை விடுவது கேட்டது. தாம்பு இழுக்கிற மாதிரி, தடங்கல் இல்லாத குறட்டை.

"இதை யாருக்கு எழுதி அனுப்புவ?"

"நீங்க சொல்லாம யாருக்கும் அனுப்ப மாட்டோம் சார்."

"எவனும் அப்படித்தான் சொல்லுவான்." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "என் கண்ணு போச்சு. நடுவுல தெரியாது. அப்படிப்பட்டவனுக்கு ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

இருக்கிறது என்றான் அவன். சொல்லத் தொடங்கினான். மெர்ல் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தபால் பெட்டிப் பக்கத்தில் வெஸ்டா நாற்காலியில் இருந்தாள். மெர்ல் இந்தத் தடவை கடல் பக்கம் திரும்பி நின்றார். டிரக் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. மெர்ல் மிதவையை உள்ளே நீட்டினார். காம்பில் இரண்டு சுருக்கும் அப்படியே இருந்தன.

தர்லோ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதோட கூண்டு எங்க?"

"கடலுக்கடியில."

"அப்ப அறுபத்திரண்டுல ஒண்ணு கழிஞ்சுது, அறுபத்தொண்ணு பாக்கி," என்றான் தர்லோ. "ஏறு."